ஒரே கையெழுத்தில் பண்டிதரும் சிப்பாயும்

சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது. அண்ணன்கூட அதற்கு அப்புறம்தான். பால் பொங்கி வழிந்தால் அடுப்பை முறைக்கிறவள். வரலாற்று மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கும் அந்த அலுவலகத்தில், அண்ணன் எழுதுவான், அவள் ஆதாரங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பாள். அவளுக்கென்றே செய்த வேலை.

அன்றைக்கு ஒரே பெயரில் இரண்டு குறிப்புகள் வந்தன. ஒருவர் பெரிய அகராதி தொகுத்த பண்டிதர். மற்றவர் முற்றுகையின்போது கோட்டை வாசலை மூன்று நாள் தாங்கிப்பிடித்த சிப்பாய். ஒரே காலம், ஒரே தெரு. அவளுக்கு மூக்கு வியர்த்தது.

பண்டிதரின் அகராதிப் பக்கம் ஒன்றின் நகலையும், காலில் பட்ட காயத்துக்கு வைத்தியம் கேட்டுச் சிப்பாய் அனுப்பிய மனுவின் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். சுழி, கொம்பு, வரி சாயும் விதம், எல்லாம் அச்சு அசல் ஒன்றே.

"ஏண்ணா, இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா இருப்பாங்களோ?"

"பேரு ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணா? போய் வேலையப் பாரும்மா" என்று சிரித்தான் அண்ணன்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் தலைமைப் பதிப்பாசிரியர் பதவி அவனுக்கு என்று பேச்சு. ஒரு ஆளை இரண்டாக்கிப் புதுசாகக் கண்டுபிடித்தேன் என்று காட்டப் பார்க்கிறானோ? இரண்டு நாள் அவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தே பொழுதைப் போக்கினாள். மூன்றாம் நாள் நேரே இயக்குநர் அறைக்குப் போய் நகல்களை நீட்டினாள்.

"உங்க அண்ணன் மேலயா புகார் சொல்றீங்க?"

"புத்தகம் வந்தப்புறம் ஊரே சிரிக்கும் சார். இப்பவே சொல்லிட்டா நல்லது."

இயக்குநர் அண்ணனுக்கு வரவிருந்த பதவியை நிறுத்தி வைத்தார். அவனை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, மனுவின் அசலை அவளையே எடுத்து வரச் சொன்னார்.

ஆவண அறையில் அசலைப் பிரித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாள் நகலைவிட நீளம். நகலெடுக்கும்போது அடியில் நாலு விரற்கடை வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கே கறுப்பு மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் கீழே, அதே கையெழுத்தில்: "எழுத்தறியாத என் பெயர்க்காரன் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டிலிருக்கும் நான் எழுதியது." பண்டிதரின் ஒப்பம்.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஊரையெல்லாம் அசலைப் பார்த்தாயா என்று கேட்கிறவள், கூடப்பிறந்தவன் விஷயத்தில் நகலோடு நின்றுவிட்டாள். ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். அண்ணன் அங்கே நின்றிருந்தான்.

"தப்பு என்னோடது சார், இவங்க ரெண்டு பேர்தான்" என்று தாளை மேசைமேல் விரித்தாள்.

இயக்குநர் படித்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "அப்புறமென்ன, பதவி உங்களுக்குத்தான்" என்று அண்ணன் தோளைத் தட்டினார். "வேற ஏதாவது வேணுமா?"

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். இனிமே நான் எழுதுறத வேற யாராவது சரிபாக்கட்டும்."