வேறொரு கப்பலின் மூக்கு

...இறால் தலையை இப்படி உறிஞ்சாமல் இந்த மனிதரால் சாப்பிடவே முடியாதா, ஸ்ஸ் என்று ஒரு சத்தம், பிறகு நாக்கால் பல்லைத் துழாவல், பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நக்குவது, கல்யாணம் ஆனதிலிருந்து பார்ப்பதுதான், பழகியிருக்க வேண்டும், ஆனால் ஃபிர்தௌசுக்கு இன்று வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. எதிரே அந்த வெள்ளைக்காரப் பெரியவர், மிஸ்டர் ஆர்னால்ட், எண்பதைத் தொடும் வயது, சோற்றை ஸ்பூனால் பறவை மாதிரி கொத்திக்கொண்டிருந்தார், தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றியது, வெளியே ஏதோ ஒரு உருக்காலை புகையைக் கக்கியது, கும்மிடிப்பூண்டியில் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்பினாலும் அந்த நாற்றம்தான், அமிலமும் எரிந்த எண்ணெயும் கலந்தது, வீட்டில் காயப்போடும் துணியிலிருந்து புருஷன் மேல் வரைக்கும். "சாப்ட சொல்லு ஃபிர்தௌசு, பழவேற்காட்டு எறா, அவுங்க ஊர்ல கெடைக்குமா" என்றார் ஹனீப், வாயில் பாதி இறாலோடு. அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவள் தட்டைப் பார்த்தாள்.

வேலை பார்க்கும் மீஞ்சூர் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள், இங்கிலீஷ் டீச்சருக்குக் காய்ச்சல் என்று. முதல் பொய் அதுதானோ? இல்லை, அது எல்லோரும் சொல்வது. ரெண்டு மாதம் முன்னால் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தபோது படித்துச் சொன்னதே அவள்தான்... என் அண்ணன் லெஸ்லி பத்தொன்பது வயதில் பர்மா கடற்கரையில் இறந்த கப்பல், கடைசியில் உங்கள் கப்பல் உடைக்கும் யார்டுக்கு விற்கப்பட்டதாக அறிகிறேன், அதில் ஏதாவது மிச்சம் இருந்தால் ஒருமுறை தொட்டுப் பார்க்க விரும்புகிறேன். மிச்சம் இருக்கிறதா என்று ஹனீபிடம் கேட்டாள். "துண்டு கிண்டு எங்கனா கெடக்கும், வரச் சொல்லு" என்றார். நம்பித்தான் பதில் எழுதினாள். இன்று காலையில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, அதுவும் யார்டு வாசல் தெரிகிற இடத்தில் வைத்து, "அந்தக் கப்பலு போன வருசமே ஃபர்னஸ்ல போயி கம்பி ஆயிடுச்சி, இன்னிக்கி நாம காட்டப் போறது மெட்ராஸ் ஹார்பர்ல சேறு அள்ளிக்கினு இருந்த பார்ஜு, மூக்கு மட்டும் முழுசா இருக்குது, அவுருக்கு இன்னா தெரியப் போவுது" என்று ஏதோ கறிக்கடையில் ஆட்டுக்குப் பதில் மாட்டைக் கொடுத்த மாதிரி சொல்கிறார்... இறங்கிப் போய்விட்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப் பக்கத்தில்தான் இருந்தது. ஏன் இறங்கவில்லை?

சாப்பாடு முடிந்து வெளியே வந்தார்கள். யார்டின் கோடியில், இரும்புத் தகடுகள் குவிந்த மேட்டுக்குப் பக்கத்தில், அந்த மூக்கு, கப்பலின் முன்முனை, நின்றது, ரெண்டு ஆள் உயரம், துருவேறி, பின்பக்கம் அறுபட்ட ஓரம் கொடிச்சுருள் மாதிரி சுருண்டு. பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஃபிர்தௌஸ் தன் கால் விரல்களைப் பார்த்தாள். அவர் பேச ஆரம்பித்தார், மெதுவாக, மனப்பாடம் செய்த பாடம் போல, அமெரிக்காவில் கட்டியது, காலாட்படையைக் கரையில் இறக்குவதற்கென்றே கட்டியது, கட்டின உடனே எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், சிசிலிக்குப் போனது, பிறகு சூயஸ் வழியாகக் கிழக்கே, நாற்பத்தைந்து ஜனவரியில் பர்மா, இறங்கியவர்கள் எல்லோரும் இந்தியச் சிப்பாய்கள், கப்பல்காரர்கள் எங்கள் பையன்கள். கரையில் முட்டியதும் ஒரு மாலுமி கயிற்றோடு தண்ணீரில் குதிக்க வேண்டும், சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு. அன்று குதித்தது லெஸ்லி. கயிற்றை விடாமல் பிடித்திருந்தானாம், குண்டு பட்ட பிறகும். மேலே தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள், அங்கேயே முடிந்தது. கடலில் போட்டுவிட்டார்கள், கல்லறை கிடையாது. இதை எல்லாம் ஹனீபுக்குத் தமிழில் சொல்லும்போது அவர், "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டினார், உண்மையிலேயே அவர் கண்ணில் ஈரம் வந்தது, அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது, அழவும் அழுது பொய்யும் சொல்கிற இந்த முகத்தோடுதான் இனியும் ஒரே பாயில் படுக்க வேண்டும்.

"மூக்கின் இரண்டு பக்கமும் ஏணிப்பலகைகள் இருக்குமே, சிப்பாய்கள் இறங்க... அவை எங்கே?" என்று பெரியவர் கேட்டார்.

ஹனீப் கண்ணிமைக்கவில்லை. "அது மொதல்லயே கயட்டிட்டாங்க, பாம்பேல, சண்டை முடிஞ்ச ஒடனே. சொல்லு."

சொன்னாள். வாய்க்குள் துருவின் சுவை வந்தது. போருக்குப் பிறகு அது என்ன செய்தது என்று கேட்டார். "ஜனங்கள ஏத்திக்கினு போச்சு, உப்பு ஏத்துச்சு, நல்ல வேலைதான் செஞ்சிது, சொல்லு." லெஸ்லியின் கப்பலைப் பொறுத்தவரை அது உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டார், கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் அது துறைமுகத்துக் கழிவு எண்ணெயும் கக்கூஸ் சேறும் சுமந்ததைச் சொல்லவில்லை. போன வருடம் அது துண்டு துண்டாக லாரியில் வந்து இறங்கியபோது அந்த நாற்றம் ஹனீபின் சட்டையில் வீட்டுக்கு வந்தது, ரெண்டு தடவை சோடா உப்பில் ஊறவைத்தும் போகவில்லை. அதை வெட்டிய யார்டு கூலியாள் சின்னராசு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டித் திட்டி வெட்டினான், உள்ளேயே ஒன்றுக்கு அடித்தான், அதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னதும் இதே ஹனீப்தான். லெஸ்லி படுத்திருந்த இடம் அந்தத் தகடுகளில் எதுவோ. இப்போது அது திருவள்ளூரில் ஏதாவது ஒரு வீட்டுத் தூணுக்குள் கம்பியாக நிற்கும். அதைச் சொன்னால் என்ன? ஐயா, உங்கள் அண்ணனின் கப்பல் வீடுகளாகிவிட்டது, அதற்குள் யாரோ தூங்குகிறார்கள் என்று... அது இந்த மூக்கைவிட மோசமா? அந்த சின்னராசுதான் இப்போது கேஸ் கட்டரோடு கொஞ்சம் தள்ளி நின்றான், உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க. அவன் உதட்டை மடக்கிச் சிரிப்பை அடக்குவது அவளுக்குத் தெரிந்தது.

ஹனீப் அவள் காதருகே குனிந்தார். வெங்காயமும் இறாலும். "இவுரு மாதிரி இன்னும் எத்தினி பேரு இருப்பாங்க தெரியுமா, அண்ணன் செத்தவன், அப்பன் செத்தவன். நீ லெட்டர் எய்தினா போதும், துட்டு குடுத்துட்டு வந்து பாப்பாங்க, ஒரு மூக்க வெச்சே நாலு வருசம் ஓட்டலாம்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

"இன்னாமே?"

"நாத்தம்."

அவர் தன் அக்குளை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் பெரியவர் திரும்பினார். ஹனீபைப் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தார், வெளுத்துப்போன நீலக் கண்கள், இமைகளின் ஓரம் சிவந்து. "அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் டீச்சர் என்றார்கள். இது அதுதானா?" ஹனீபுக்கு ஒரு வார்த்தை புரியாது. சின்னராசுக்கும் புரியாது. இந்த யார்டு முழுவதிலும் அந்தக் கேள்வி அவளுக்கு மட்டும்தான் இருந்தது. இல்லை என்று ஒரே ஒரு சொல், நோ, ரெண்டெழுத்து, எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியும். சொல்லிவிடலாம், சொல்லிவிட்டு அவரோடு அவர் வந்த காரில் ஏறி மீஞ்சூரில் இறங்கிக்கொள்ளலாம். அவர் கை அந்தத் துருவின் மேல் இருந்தது, ஐந்து விரலும் செம்மண் நிறமாகி...

"இதை வெட்டுவதற்கு முன்னால்," என்றாள் ஃபிர்தௌஸ், அவள் குரல்தான், வகுப்பில் செய்யுள் வாசிக்கிற குரல், "இங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். போர்க்கப்பல் என்று தெரியும், இறந்தவர்கள் யாரென்று தெரியாது. பெயர் தெரியாதவர்களுக்கும் எங்களிடம் ஒரு பிரார்த்தனை உண்டு, துஆ என்போம். அதை ஓதிய பிறகுதான் நெருப்பு வைத்தார்கள்."

பெரியவர் நெற்றியை அந்த இரும்பில் வைத்தார். தோள்கள் மட்டும் அசைந்தன. பிறகு அவள் கையை இரண்டு கையாலும் பிடித்து, அதன் மேல் தன் ஈரமான கன்னத்தை வைத்து, நன்றி என்றார், அறுபது வருடமாகிவிட்டது, அவனுக்காக யாரும் எதுவும் ஓதவில்லை என்றுதான் என் அம்மா கடைசிவரை அழுதாள் என்றார். சின்னராசு துண்டை வெட்டி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து, துணியில் சுற்றிக் கொடுத்தான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

வண்டியில் திரும்பும்போது ஹனீப் பாதி தலையைத் திருப்பினார். "அப்டி இன்னாதான் சொன்ன? ஆளு குலுங்கிக் குலுங்கி அழுதுட்டாரே."

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"நானா?" அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "பரவால்லியே... நாம சொல்ற மாரி சொன்னா, எந்த ஊரா இருந்தாலும் மனசுல ஏறத்தான் செய்யுது." முதுகு நிமிர்ந்தது, சட்டையில் வியர்வை பட்டை பட்டையாக, அவள் அதைத் தொடாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குமட்ட வேண்டும் என்று காத்திருந்தாள். காலையிலிருந்து நெஞ்சுக்குழியில் நின்றது அங்கேதான் இருந்தது, இவருக்காக, இவர் வாய்க்காக, அந்தச் சேற்றுக் கப்பலுக்காக, ஆனால் அந்த ஒரு நிமிடத்தைத் தொட்டுப் பார்த்தால், செருப்பைக் கழற்றினார்கள் என்று சொன்ன நிமிடத்தை, அங்கே குமட்டல் இல்லை, எவ்வளவு சுத்தமாக வந்தது அந்த ஆங்கிலம், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை... லாரி ஒன்று கம்பிக்கட்டுகளை வால் போல் தரையில் உரசிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. துஆ ஓதியதற்கு அப்புறம் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நின்றார்கள் என்று சேர்த்திருக்கலாம், என்று நினைத்துக்கொண்டிருந்தாள் ஃபிர்தௌஸ், சேர்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.