வயிறாரச் சாப்பிட்டவள்

பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. இடிக்கப்போகிற ஒரு தியேட்டரின் கிடங்கிலிருந்து வந்த பெட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் பெயரில்லை. மூடியைத் திறந்ததும் புளிச்ச நெடி மூக்கைத் துளைத்தது. இது எங்கே தேறப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் சுருளைத் துடைத்து, மேசைத் திரையில் ஓடவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கைத்துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

படத்தில் ஒருத்தி. புருஷன் இருந்தவரை அடிக்குக் குறைவில்லை, சோற்றுக்குத்தான் பஞ்சம். அவன் செத்த அன்று கூடமே அழுகிறது. இவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நிதானமாக, வயிறாரச் சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கிறாள். கேமரா அந்த முகத்தை விட்டு நகரவேயில்லை.

யாரோ கைக்காசைப் போட்டு எடுத்த படம். குடும்பப் பெண்களைக் கேவலப்படுத்துகிறது என்று அந்தக் காலத்திலேயே திரையைக் கிழித்து ஓட்டத்தை நிறுத்தியிருந்தார்கள். பிரதியே மிஞ்சவில்லை என்று சினிமாப் பைத்தியங்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். திரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுடைய மாமியார்.

வீட்டில் மாமியார் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா நடித்த கதை பெற்ற மகனான அவள் புருஷனுக்கே தெரியாது. கேட்டதும் அவன் ஆடிப்போனான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, சுருளைப் பேசாமல் பெட்டியிலேயே போட்டுவிடு என்றான். மாமியார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

அவன் வெளியே போனபிறகு அவள் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அத்தை, எத்தனையோ படம் என் கை வழியா போயிருக்கு. இந்த மாதிரி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்ல."

மாமியாரின் கை நின்றது.

"அப்படிச் சாப்பிட்டது சரியா தப்பான்னு கேட்டுக் கேட்டே என்னைக் கொன்னாங்க," என்றார். "நல்லா நடிச்சேனான்னு ஒருத்தர் வாயிலயும் வரல. நீதான் முதல்ல சொல்ற."

"அப்போ திரையிடலாமா?"

"போடு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

என்ன பேசினாரோ, திரையிட்ட அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவனே அவன்தான். அரங்கில் உட்கார இடமில்லை. பாதியில் நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் கண்கொட்டவில்லை. சாப்பிடும் காட்சியில் அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை இருட்டிலும் அவள் கவனித்தாள். படம் முடிந்ததும் எழுந்த கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

மாமியார் மட்டும் இன்னும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகள் பக்கம் சாய்ந்து, தொழில் தெரிந்த நடிகையின் குரலில் சொன்னார்:

"அந்தத் தண்ணி குடிக்கிற இடம் இருக்கு பாரு, அதுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."