ஆண் மரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபைக் கூட்டத்துக்காக எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதுதான் பிரபாகர் அந்தப் பேச்சை எடுத்தார். சித்தூரில் அந்தச் சபைக்கு அவர் பொருளாளர். கிறிஸ்துமஸ் மேடையைச் சிமெண்டில் நிரந்தரமாகவே கட்டிவிடலாம், வடக்குப் பக்கம் நிற்கிற ஹாலி மரத்தை எடுத்துவிட்டால் இடம் தாராளம் என்றார்.

மிஷன் காலத்தில் யாரோ ஒரு துரைசானி மலைப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் அது. குளிர் தேசத்துச் சாதி. கோயில் சுவரின் நிழலும் கிணற்றடி ஈரமும் சேர்ந்து அதைச் சித்தூர் வெயிலில் எப்படியோ காப்பாற்றி வந்தன. இத்தனை காலத்தில் கூரை உயரத்துக்குத்தான் வளர்ந்திருந்தது. கீழ்க்கிளை இலைகளின் ஓரமெல்லாம் ஊசி முள். ஆடு எட்டாத உச்சியிலோ இலைகள் முள்ளே இல்லாமல் வழவழவென்று இருக்கும். சபையார் அதைக் கிரீட மரம் என்பார்கள். முள் இயேசுவின் முள்கிரீடம், சிவப்புப் பழம் அவர் சிந்திய ரத்தம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருவார்கள். பழத்தை மட்டும் அங்கே யாரும் கண்டதில்லை. வாழ்த்து அட்டையில் பார்த்ததோடு சரி. கிறிஸ்துமஸ் வந்தால் வாலிபர்கள் சிவப்புப் பாசிமணியைக் கம்பியில் கோத்துக் கிளைகளில் கட்டிவிடுவார்கள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து நிக்குது, ஒரு பழம் வெச்சிக்கீதா?" என்றார் பிரபாகர். "காய்க்காத மரம் கோயில்ல நிக்கறதே ஆசீர்வாதம் இல்ல. எடத்த அடைச்சிக்கினு கீது, அவ்ளோதான்."

பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பி ஜெயகுமாரியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டன. அவளுக்கு அது பழகிப்போன பார்வை. ஜெபக்கூட்டத்தில் நோயாளிகளின் பெயர்களுக்கு அடுத்தபடியாக அவள் பெயர்தான் வரும். கர்ப்பத்தின் கனிக்காக, கண்ணை மூடிக்கொண்டு, உரக்க.

திருப்பதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் தாவரவியல் எடுக்கிறாள். இந்த மரத்தைப் பற்றி முன்பே பலரிடம் சொல்லியிருக்கிறாள். யார் காதிலும் ஏறவில்லை. இன்று எழுந்து நின்றாள்.

"அது ஆம்பள மரம்," என்றாள்.

பிரபாகர் சிரித்தார். "மரத்துல இன்னாம்மா ஆம்பள பொம்பள?"

"பப்பாளில இல்லியா? ஆம்பளப் பனையில நொங்கு தேடுவீங்களா? இதுவும் அப்பிடித்தான். வருஷா வருஷம் வெள்ளையா பூ வெக்குது, தேனீ வருது, எல்லாம் சரியாத்தான் நடக்குது. அது காய்க்கற சாதி இல்ல. ஒரு பொம்பளச் செடி கொண்டாந்து பக்கத்துல வெச்சிருந்தா அதுல பழம் தொங்கியிருக்கும். அதச் செய்யாம, நிக்கற மரத்தத் திட்டறீங்க."

பெண்கள் ஐக்கியத் தலைவி அபிகாயில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து இன்னும் சிலர் ஆண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். போதகர் முடிவைக் கமிட்டிக்கு விட்டுவிட்டு ஜெபம் செய்து முடித்தார்.

வீடு போய்ச் சேரும்வரை தியோடர் வண்டியை வேகமாக ஓட்டினான். ஜெயகுமாரியின் கணவன் அவன், பால் கம்பெனி ஒன்றில் கணக்கர், கமிட்டியிலும் உறுப்பினன். வண்டியை நிறுத்தியதும் கேட்டான்.

"என்னையத்தான சொன்ன?"

"இன்னாங்க?"

"ஆம்பளதான் காரணம்னு சபைக்கு நடுவுல சொன்னியே. என்னைய மனசுல வெச்சிக்கினுதான?"

அவள் மரத்தைப் பற்றித்தான் பேசினாள். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை போய் வந்தவள். ஊசி, ஸ்கேன், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று, உங்களிடம் குறை ஒன்றும் இல்லை, ஐயாவை அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லாத தடவை இல்லை. அவன் ஒரு நாளும் வரவில்லை. "எங்க வம்சத்துல அந்தக் கொற கெடயாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். யார் என்ன பேசினாலும் வெளியில் அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

"மரத்தத்தான் சொன்னேன்," என்றாள் மெதுவாக. "நீங்க ஏன் உங்களுக்குன்னு எடுத்துக்கறீங்க?"

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் கமிட்டி கூடியது. அவள் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மரத்தை வெட்டியாயிற்று. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது கோயில் கேட்டுக்குள் ஜேசிபி நிற்பதைப் பார்த்து உள்ளே போனாள். கிளைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. அடிமரத்தின் வெள்ளைக் கட்டையில் ஈரம் இன்னும் காயவில்லை. பிரபாகரும் தியோடரும் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வெட்டச் சொன்னது?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரரே மொத ஆளா கை தூக்கிட்டாரும்மா," என்றார் பிரபாகர்.

அவள் சுவரோரம் போனாள். குவியலில் இருந்து ஒரு கிளையை வெறுங்கையால் இழுத்தாள். உள்ளங்கையெல்லாம் முள் இறங்கியது. அதை அப்படியே கொண்டுவந்து தியோடரின் காலடியில் போட்டாள்.

"ஆம்பளன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு வெட்டிட்டியா?" பல வருஷ மரியாதை அந்த ஒரு வார்த்தையில் போனது. "நாலு பேருக்கு நடுவுல என்னைய மலடின்னப்பல்லாம் உன் கை தூங்கிக்கினு இருந்துச்சா? இதுக்கு மட்டும் தூக்கத் தெரிஞ்சுதா?"

"ஜெயா, வீட்டுக்குப் போய் பேசலாம்."

"வீட்ல பேசிப் பேசித்தான் இங்க நிக்கறேன்."

ஜேசிபிக்காரன் வேரைப் பறிக்க வண்டியைக் கிளப்பினான். "மேடம், கொஞ்சம் பக்கத்துக்கு ரண்டி," என்று தெலுங்கு கலந்து தள்ளி வரச் சொன்னான். அவள் கட்டையின் மேல் போய் உட்கார்ந்தாள். கையிலிருந்து ரத்தம் சேலையில் சொட்டியது. பிரபாகர் போதகருக்கு போன் போட்டார். அதற்குள் சத்தம் கேட்டு அபிகாயில் அம்மா வந்தாள். அவளும் நேற்று திரும்பிப் பார்த்தவர்களில் ஒருத்திதான். நேராக வந்து ஜெயகுமாரியின் பக்கத்தில் நின்றாள். பிறகு ஜேசிபிக்காரனைப் பார்த்து, "நீ போப்பா. இன்னிக்கு இங்க வேல நடக்காது," என்றாள். போதகர் வந்து பார்த்துவிட்டு மேடையை வேறு பக்கம் கட்டிக்கொள்ளலாம் என்றார். அதை ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம் என்று ஜெயகுமாரி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அந்த வாரமே திருப்பதியில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். சபையில் பலவிதமாகப் பேசினார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் ஊருக்குப் போகவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் தியோடர் கல்லூரி கேட்டில் வந்து நின்றான். இளைத்திருந்தான்.

"வேலூருக்குப் போய் டெஸ்ட் குடுத்தேன்," என்றான். "ரிசல்ட்டும் வந்துட்டுது."

என்ன வந்தது என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்தான். அவன் கண்ணைப் பார்த்தபோதே குறை யாரிடம் என்று அவளுக்குப் பாதி தெரிந்தது. முன்பென்றால் இரக்கப்பட்டிருப்பாள். இப்போது எரிச்சல்தான் வந்தது. இந்த ஒரு பயணத்துக்கு இவனுக்கு இத்தனை வருஷமா?

"உனக்குத்தான வந்துச்சு, நீயே வெச்சிக்க," என்றாள். "ஊர்ல போய் ஜெபக்கூட்டத்துல சொல்லு. என் பேர அந்த ஜெபத்துலேர்ந்து எடுக்கச் சொல்லு. அத நீ உன் வாயால சொன்னதா அபிகாயில் அம்மா எனக்குப் போன் பண்ணட்டும். அப்புறம் பாக்கலாம்."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போனாள்.