முள்ளங்கி நறுக்கிய விரல்கள்

சியோலுக்கு மேற்கே, கடலோரத் தொழிற்பேட்டையில், விடியுமுன்பே, தகடு வெட்டும் ஏழு பவர் பிரஸ் எந்திரங்களும் இரும்பை மென்று துப்பத் தொடங்கிவிட்டன. தகரக் கூரையின் மேல் உறைபனி. உள்ளே எண்ணெய்ப் புகையில் தொண்டை கமறியது. கும்ஜா தகட்டை வைத்தாள், பெடலை மிதித்தாள், எடுத்தாள். அரை விநாடி பிசகினால் கை அச்சுக்குள் போய்விடும். அவள் கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் காலியாய்த் தொங்கியது.

எந்திரத்துக்கு எந்திரம் ஒரு சென்சார் உண்டு. கை குறுக்கே வந்தால் எந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் உருப்படி குறைகிறது என்று முதலாளி அந்த சென்சார் கம்பிகளைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டியிருந்தார்.

ஐந்து மாதம் விளம்பரம் கொடுத்து, அன்று காலைதான் வேலை கேட்டு ஒருத்தி வந்தாள். பெயர் சொல்ஹி. வெள்ளைச் சட்டை, கையில் நேர்முகக் கடிதம். முதலாளியே கூட்டிவந்து எந்திரங்களைக் காட்டினார்.

"கம்பெனி சின்னதுதாம்மா, ஆனா நாங்க ஒரே குடும்பம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க பெரிய கம்பெனிப் பரீட்சைக்கு வருஷக்கணக்கா படிக்குதுங்க. எங்க பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. உடம்பு வணங்கலை, வேறென்ன!"

"குடும்பமேதான்" என்று பக்கத்து எந்திரத்தில் தோக்சு முனகினான். "அடிச்சா அழக்கூட வெளிய போகக்கூடாது, இல்லக்கா?"

கும்ஜா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இந்தக் கம்பி ஏன் சார் கழண்டு கிடக்கு?" என்று கேட்டாள் சொல்ஹி.

"அது ரிப்பேரும்மா. நாளைக்கு..."

வழக்கமாக இரும்பின் மேல் இரும்பு விழும். அந்த ஓர் அடி மட்டும் ஈரமாய்க் கேட்டது.

தோக்சு கையைத் தூக்கினான். மூன்று விரல்கள் இல்லை. சொல்ஹியின் வெள்ளைச் சட்டை சிவந்தது. அவனுக்கு அலறக்கூடத் தெரியவில்லை. "அக்கா, அக்கா" என்றான்.

கும்ஜா துண்டால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"எவனும் போனைத் தொடக்கூடாது!" முதலாளி கத்தினார். "ஆம்புலன்ஸ்காரன் வந்தா ஃபேக்டரி விபத்துன்னு எழுதிடுவான். என் கார்ல ஏத்துங்க. தோக்சு, டாக்டர் கேட்டா, வீட்ல முள்ளங்கி நறுக்கினேன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

முள்ளங்கி. நான்கு வருடத்துக்கு முன், முள்ளங்கி நறுக்கிக் கிம்ச்சி ஊறுகாய் போடும் மாதத்தில், ரத்தம் சொட்டச் சொட்ட கும்ஜாவும் அதைத்தான் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அன்று அவள் எந்திரத்தில் மட்டும்தான் கம்பி பிடுங்கியிருந்தது. மறுவாரம் ஏழிலும் பிடுங்கினார்கள்.

அவள் போனை எடுத்தாள். முதலாளியின் அறை கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது. போன் தரையில் சிதறியது.

"இத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டது யாருடி?"

"உனக்குப் போட்டது யாருய்யா? இந்தக் கைதான!"

அவர் ஸ்பேனரை ஓங்கினார். கடைசி எந்திரத்திலிருந்த யோங்பே பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினான். ஏழு எந்திரங்களும் ஒன்றாக ஓய்ந்தன. நாலு பேர் வந்து தோக்சுவைச் சுற்றி நின்றார்கள்.

"கம்பெனிய மூடிடுவேன்! நாளைக்கு எல்லாரும் தெருவுலதான்!"

"மூடு" என்றான் யோங்பே.

அந்த அமைதியில் வேறொரு குரல் கேட்டது. சொல்ஹி, நேர்முகக் கடிதத்தில் இருந்த முகவரியைப் போனில் எழுத்தெழுத்தாய் வாசித்துக்கொண்டிருந்தாள்.

சற்றைக்கெல்லாம் வந்துசேர்ந்த ஆம்புலன்ஸ்காரர் தாளை எடுத்தார். "எங்க, எப்படி ஆச்சு?"

தோக்சு முதலாளியைப் பார்த்தான்.

"பிரஸ்ல. இங்க, இப்ப" என்றாள் கும்ஜா. கையுறையைக் கழற்றிக் குட்டை விரலை நீட்டினாள். "இதையும் எழுதுங்க தம்பி. இதுவும் பிரஸ்தான். முள்ளங்கின்னு நான் சொன்னது பொய்."

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் யோங்பே தன் கையுறையைப் பல்லால் இழுத்தான்.

"என்னோடதும் முள்ளங்கிதான் அக்கா."

பின்னாலிருந்து இன்னொரு கையுறை கழன்றது. அதற்குப் பின்னால், இன்னொன்று.