கங்காணியின் இரண்டாவது சம்சாரம்

உங்களிடம் மட்டும் மெல்லச் சொல்கிறேன். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தோராம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நான் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கங்காணி கார்த்திகேசுவின் பெண்டாட்டி. எனக்குப் பதினைந்து வயது. என்னைக் கட்டினவர் இதோ பக்கத்துப் பாயில் குறட்டை விடுகிறார்.

மத்தியானம் சுங்காய் டவுனிலிருந்து கணக்கெடுக்கும் கிராணி வந்தார். ஆண்கள் எல்லாம் ரப்பர் பால் நிறுக்கிற ஸ்டோரில் இருந்தார்கள். லயத்து வீட்டுக் கதவுகளில் தாரால் நம்பர் போட்டுக்கொண்டே, "ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற வட்டாரம் பூரா எங்க முக்கிம். எத்தன தலைன்னு தெரிஞ்சாத்தான் சர்க்கார் ரோடு போடும், ஆஸ்பத்திரி கட்டும்" என்றார். என் வாசலில் நின்று பென்சிலை நாக்கில் தொட்டார்.

"புருஷன் பேரு?"

எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவர் ஆயுசு குறையுமே! இதற்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரிதான் வாய் கொடுப்பாள். ராக்காயி அக்காவைப் பார்த்தேன்.

"கங்காணி கார்த்திகேசு. இவ ரெண்டாவது" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

மற்ற பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கிராணி எழுதியே விட்டார்.

"ஐயா, சும்மா தமாசு லா!" என்று அக்கா பதறினாள்.

"சர்க்கார் கணக்குல தமாசா? மறியல்ல கம்பி எண்ணப் போறியா? இனி நீ பேசாத. அந்தப் பொண்ணே வாயத் தொறந்து சொல்லட்டும், மாத்துறேன்."

அக்கா உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல எல்லாரு பேரையும் சத்தமா வாசிப்பேன். அப்பவாவது சொல்லு" என்று கிராணி அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

காலைப் பெரட்டில் கங்காணியின் சம்சாரம் நல்லம்மாளும் நிற்பாள். கையில் மரம் சீவுகிற கத்தி இருக்கும்.

அதனால்தான் இருட்டில் பழகிப் பார்க்கிறேன். முதலில் உதட்டை மட்டும் அசைத்தேன். பிறகு கொஞ்சம் மூச்சோடு, "சன்... சன்னா..." மாரியாத்தா, அவர் ஆயுசைக் குறைக்காதே. கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுசாகச் சொல்லிவிட்டேன்.

"சன்னாசி."

குறட்டை நின்றது.

"என்னா?"

"நான் ஒண்ணும் கூப்பிடலயே."

பாய் குலுங்கியது. அவர் சிரிக்கிறார்!

"சாயங்காலமே ராக்காயி அக்கா அழுதுகிட்டே சொல்லிருச்சு. ஏன் புள்ள, இவ்ளோ மெல்லமா சொன்னா கிராணிக்கு எப்படிக் கேக்கும்?"

"உங்க ஆயுசு..."

"அது கெட்டி. நல்லம்மா கத்திக்கு முன்னாடி உன் ஆயுசப் பாரு. எங்க, இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"இன்னும் சத்தமா."

கிராணிக்காகத்தான் கேட்கிறாரா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.