கண்டாக்குக்குப் பேர் போட்ட நாட்கள்

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. கறுப்பின் பெயர் கங்காணி. மஞ்சளின் பெயர் கண்டாக்கு. இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள். தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்களைக் கங்காணி விரட்டுவார், கங்காணியைக் கண்டாக்கு ஐயா விரட்டுவார். கறுப்புக் குட்டி எதையாவது துரத்திக்கொண்டே இருக்கும். மஞ்சள் குட்டி வாலை நிமிர்த்தியபடி பின்னால் நடந்து வந்து சரியாகத் துரத்தியதா என்று பார்க்கும். பெயர் வைத்தது அம்மா. இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவளுக்கு இந்தச் சந்தோஷமாவது வேண்டாமா என்றாள்.

கங்காணி ஜூன் மாதம் செத்துப்போனது. என்ன நோய் என்று தெரியவில்லை. மெலிந்தது, படுத்தது, போய்விட்டது. அன்று காலை அம்மா பெரட்டுக்குப் போனாள். ஆட்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற இடம் அது. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று பெண்கள் கேட்க, "கங்காணி செத்துப்போச்சுடி" என்று சொல்லி அழுதிருக்கிறாள். எல்லாரும் முன்னால் நின்ற செல்லசாமி மாமாவைத் திரும்பிப் பார்த்தார்களாம். அவர்தான் அசல் கங்காணி. எங்கள் வீட்டுச் சுவருக்கு அடுத்த காம்பராவில் இருப்பவர்.

"நான் இன்னும் சாகல தங்கச்சி. பேரக் கூப்புடவா, வேணாமா?" என்றாராம் அவர்.

பெரட்டே சிரித்தது. அம்மாவும் அழுகையோடு சிரித்தாள். அன்று மாலை எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்ட மண்வெட்டியோடு முதலில் வந்தவரும் அவர்தான். "எம் பேருல ஒருத்தன் போறான், நான் வராம இருப்பனா?" என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கண்டாக்கு சாப்பிடுவதை நிறுத்தியது. இம்முறை நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பழைய கொழுந்துக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, ராகலையிலிருந்து பஸ் ஏறி, நுவரெலியாவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அம்மாவும் வந்தாள். டொக்டர் இளம் சிங்களப் பெண். ஒரு துளி இரத்தம் எடுத்துச் சின்னச் சோதனைப் பட்டையில் விட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. நோய் உண்டு என்று அர்த்தம்.

டொக்டர் விளக்கினார். நான் கொப்பியில் எழுதினேன். ராகலையில் மாலை வகுப்பில் சிங்களம் படிக்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. கடைசிச் சோதனையில் ஐம்பத்து நான்கு புள்ளி. ஆகவே மெதுவாகச் சொல்லும்படி இரண்டு தடவை கேட்டேன். எனக்கு விளங்கியவரை, இது பூனைகளின் இரத்தத்தில் வருகிற வைரஸ். எச்சிலில் பரவும். மனிதருக்கு வராது. கங்காணியும் இதனால்தான் போயிருக்க வேண்டும். நோயை அடியோடு எடுக்க மருந்து இல்லை. காய்ச்சலுக்கும் வாய்ப்புண்ணுக்கும் மருந்து உண்டு. நன்றாகச் சாப்பிட வைத்து, மற்றப் பூனைகளோடு சேரவிடாமல் உள்ளேயே வைத்திருந்தால் மாதக் கணக்கில், சில வேளை வருடக் கணக்கிலும் இருக்கும். இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். கடைசியாக, "சரிவராவிட்டால் நிதி கரவமு" என்றார்.

அம்மா என் கையைச் சுரண்டினாள். "நிதியா? கோயில் நிதியா கேக்குது அந்தப் புள்ள?"

"இல்லம்மா. சிங்களத்துல நிதின்னா தூக்கம். நிதி கரவமுன்னா தூங்க வைப்போம்."

"பாவம், அதுவும் நல்லதுதான். தூங்குனா ஒடம்பு தேறும்" என்றாள் அம்மா.

நான் எழுதிக்கொண்டேன்: சரிவராவிட்டால் தூக்க மருந்து. அடியில் கோடும் போட்டேன்.

பூனையை உள்ளே வைத்திருங்கள் என்று சொல்வது எளிது. எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு இடையில் உள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாகத்தான் குழம்பு வாசனையும் சண்டையும் பூனையும் போய்வரும். அடுத்த பக்கம் செல்லசாமி மாமாவின் பூனை இருந்தது. அதன் பெயர் துரைசாணி, தோட்டத்துரையின் மனைவியைக் கூப்பிடுகிற பேர். அதையும் அடுத்த நாளே டொக்டரிடம் கொண்டுபோய்ப் பட்டையில் பார்த்தோம். நல்லவேளை, ஒரு கோடுதான். அன்றே மாமா உரச் சாக்குகளைப் பிரித்து இடைவெளி முழுக்க ஆணி அடித்தார்.

"துரைசாணியக் கண்டாக்கு பாக்கக் கூடாதுன்னு நானே சட்டம் போடுறேன் பாரு" என்றார், வாயில் ஆணியோடு.

"நீங்க அங்கிட்டு இருந்து பேசுறது இனி சரியாக் கேக்காதே அண்ணே" என்றாள் அம்மா.

"அப்ப சத்தமாப் பேசுறேன்."

எனக்குத்தான் பயம். கண்டாக்கு தேறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கங்காணி விஷயத்தில் நான் தினமும் நாளைக்குச் சரியாகும் என்றுதான் நினைத்தேன். என் கண்ணை நான் நம்பவில்லை. என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை வெளிக்குப் போனது, என்ன நிறத்தில் என்று கொப்பியில் ஏழு கட்டம் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு? பேர் போடு போதும்" என்றாள்.

மலையில் முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அம்மாவுக்குத் தெரிந்த அளவுகோல் அது. சாப்பிட்டு, முகம் கழுவி, எதன் மேலாவது ஏறினால் கண்டாக்குக்கு முழுப்பேர். சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தால் அரைப்பேர். சாப்பிடாவிட்டால் பேர் இல்லை.

முதல் நாள் பேர் இல்லை. இரண்டாம் நாள் அம்மா கருவாட்டுத் தண்ணீரில் சோற்றைக் குழைத்து விரலில் வைத்து நக்க வைத்தாள். அரைப்பேர். அடுத்த மூன்று நாளும் அரைப்பேர்தான். ஒவ்வொரு மாலையும் சாக்குக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "கண்டாக்கு?" அம்மா பதில் சொல்வாள்: "அரை." அங்கே ஒரு பெருமூச்சு கேட்கும். "எங்க கண்டாக்கு ஐயாவுக்கு இப்பிடி அரைப்பேர் போட எவ்வளவு நாளா ஆசை தெரியுமா" என்பார் மாமா.

ஆறாம் நாள் நான் வகுப்பிலிருந்து வந்தபோது கண்டாக்கு அரிசிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா கொப்பியை என்னிடம் நீட்டினாள். பேர். மாமா அந்தப் பக்கம் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். அதன் பிறகு எல்லாம் முழுப்பேர்தான். பத்தாம் நாளுக்கு மேல் அது தூங்கவே இல்லை. சாக்கில் தொங்கியது. என் சிங்களப் பாடப் புத்தகத்தில் வினைச்சொல் பகுதியைக் கிழித்தது.

"சரிவராவிட்டால் தூக்க மருந்துன்னாங்கல்ல. இதுக்குத்தான் போல" என்றாள் அம்மா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதினான்காம் நாள் பஸ்ஸில் போகும்போது சிங்கள வாக்கியத்தை மனதுக்குள் ஒன்பது தடவை சொல்லிப் பார்த்தேன். உள்ளே நுழைந்ததும், டொக்டர் கேட்பதற்கு முன்பே, பிழையில்லாமல் சொன்னேன்: தயவுசெய்து இன்றைக்கு நிதி கரவமு.

டொக்டரின் முகம் மாறியது. கண்டாக்கை நிறுத்துப் பார்த்தார். எடை கூடியிருக்கிறதே தங்கச்சி, நிச்சயமாகவா என்றார். எடை கூடியது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு விளங்கியது. பாராட்டுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே "ஓவ்" என்றேன், ஆம் என்று. அவர் கண்டாக்கின் தலையை ஒருமுறை தடவினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அம்மா கூடைக்குள் கையை விட்டுக் கண்டாக்கின் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தாள். டொக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஊசியைத் தயார்செய்தார். முதல் வரியில் பூனையின் பெயர். இரண்டாம் வரியில் நிறம். மூன்றாம் வரியில் ம. ர. ண. ய.

மறுபடி வாசித்தேன். அந்தச் சொல்லுக்கு எனக்கு வகுப்பு தேவையில்லை.

"எப்பா" என்றேன். வேண்டாம். படித்த சிங்களத்தில் அந்த ஒன்றுதான் வாயில் வந்தது. "எப்பா, எப்பா, டொக்டர். நிதி... இது தூங்குறதே இல்ல. தூக்கம்." கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. கொப்பியை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். கூடையிலிருந்து பாதி வெளியே வந்து ஸ்டெதஸ்கோப் குழாயைக் கடித்துக்கொண்டிருந்த கண்டாக்கைப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். அவருக்கும் அழுகை வந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

"என்னடி நடக்குது?" என்றாள் அம்மா.

சொன்னேன். அந்தத் தூக்கம் திரும்ப எழும்பாத தூக்கமாம். அம்மா கண்டாக்கை அப்படியே அள்ளிச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்பத்து நாலு மார்க்குல கொன்னுருப்பியே புள்ள" என்றாள்.

கொப்பியில் இருந்தது என்ன என்று டொக்டர் கேட்டார். பேரும் அரைப்பேரும் விளங்கவைக்கப் பத்து நிமிடம் ஆனது. அவர் விரலால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினார். இல்லை ஒன்று, அரை நான்கு, முழுசு எட்டு. பிறகு நான் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நோய் போகவில்லை. ஒருநாள் திரும்பி வரும். அப்போது இந்தப் படிவமும் கருணைதான், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் அது எப்போது என்று இந்தக் கொப்பியைப் பார்த்து மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "தொடந்து நாலு நாள் பேர் இல்லாட்டி நானே தூக்கிட்டு வாறேன்னு சொல்லு. அதுவரைக்கும் அரைப்பேருன்னாலும் வேலைக்கு வந்த நாள்தான்" என்றாள். அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்த அளவு சொன்னேன். டொக்டர் தலையசைத்தார். படிவத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

மாலையில் வீட்டில் கூடையைத் திறந்தோம். கண்டாக்கு வாலை நிமிர்த்திக்கொண்டு அறை முழுவதையும் ஒருமுறை பார்வையிட்டது. சாக்குக்கு அப்பால் செல்லசாமி மாமா காத்திருந்திருப்பார் போல.

"கண்டாக்கு?"

"முழுசு அண்ணே" என்ற அம்மா, வைத்தியரிடம் நான் செய்த கூத்தையும் சாக்கு வழியே சொல்லி முடித்தாள்.

"அப்ப ஜெயந்தினிக்கு?" என்று என் பேரைக் கேட்டார் மாமா.

"அவளுக்கு இன்னிக்கு அரைதான்."

சுவருக்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நான் கொப்பியை எடுத்து இரண்டு பேரையும் எழுதினேன். என் பெயருக்கு நேரே அரை. நியாயமாகத்தான் பட்டது.