அடிமாட்டு விலைக்கு ஒரு ரைஃபிள்

ஐம்பத்துநாலாவது வயதில் ரோண்டாவுக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் மூட்டுவலி வரும். அவளுக்கு அது முன்னாலேயே வந்துவிட்டதால் வேறு ஏதாவது வந்துதானே ஆகவேண்டும்.

வேலை முதியோர் இல்லத்தில். படுத்தவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களைப் படுக்க வைப்பது, நடுவில் துடைப்பது, ஊட்டுவது, திட்டு வாங்குவது. நாள் முழுக்க ஒவ்வொரு அறையிலிருந்தும் "ரோண்டா, ரோண்டா" என்று குரல் வரும். கூட வேலை செய்கிற ஒருத்தி ஒரு சனிக்கிழமை அவளை ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே காதுமூடியை மாட்டியதும் உலகமே வாயை மூடிக்கொண்டது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. ரோண்டாவுக்கு வேண்டியிருந்தது அதுதான். சுடுவதெல்லாம் அந்த அமைதிக்குக் கொடுக்கிற வாடகை.

வாடகையைக் குறைப்பதில் அவள் கெட்டிக்காரி. முதலில் வாங்கியது சின்னத் தோட்டா போடுகிற பழைய பாயின்ட் டூ டூ ரைஃபிள். தோட்டா மலிவு என்கிற ஒரே காரணத்துக்காக. துப்பாக்கிக்கடை மர்வினுக்கு அவளைத் தூரத்தில் பார்த்தாலே தலைவலி வரும். "வந்துட்டாடா பழைய இரும்பு மகாராணி" என்பான். மரப்பிடியில் கீறல், குழலில் துரு, யாரோ ஒருத்தியின் ஓடிப்போன கணவன் விட்டுப்போனது, போலீஸ்காரர்கள் கழித்துக்கட்டியது என்று ஒதுக்கப்பட்டதாகத்தான் பார்ப்பாள். அதற்கும் பேரம் பேசுவாள். மொத்தம் ஐந்து துப்பாக்கி போதும், அதற்கு மேல் ஆசையில்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆசை யாரை விட்டது.

சுடுதளத்தில் அவளுக்கு இடப்பக்க மேஜை டெல்பர்ட்டுடையது. அறுபத்தொரு வயது. கண்ணாடித் தொழிற்சாலை உலையில் வெந்தவன். தொழிற்சாலையை மூடியதும் வெளியே வந்து, அதன் பிறகு எதற்குள்ளும் போகாதவன். மனைவி எப்போதோ போய்விட்டாள். போன குளிர்காலத்தில் நாயும் செத்தது. இதையெல்லாம் அவன் ஒரே மூச்சில், வானிலை சொல்வதுபோல் சொல்வான்.

இரண்டு பேருக்கும் நட்பே சண்டையில்தான் வளர்ந்தது. சுட்ட பிறகு தெறிக்கிற தோட்டாவின் காலிப் பித்தளைக் குப்பியை வீசியெறிய மனம் வராத ஏழைகள் இரண்டு பேரும். அதில் மறுபடி வெடிமருந்தும் ஈயமும் அடைத்தால் பாதிச் செலவில் இன்னொரு தோட்டா. டெல்பர்ட் முட்டி மடக்கி, முனகி, ஒவ்வொன்றாய்ப் பொறுக்குவான். அவன் குப்பி உருண்டு ரோண்டாவின் மேஜைப்பக்கம் வந்துவிட்டால் போர்தான்.

"ஏய், அது என்னோடது."

"என் பக்கம் வந்துடுச்சுல்ல? எல்லை தாண்டினா எனக்குச் சொந்தம்."

"உங்கிட்ட பாயின்ட் டூ டூ தானே இருக்கு? அதோட குப்பிய மறுபடி அடைக்கவே முடியாது. என் பித்தளைய வச்சு என்ன பண்ணுவே, காதுல மாட்டிக்குவியா?"

"ஆமாய்யா, ஜிமிக்கி பண்ணிக்கிறேன். உனக்கென்ன?"

கடைசியில் அவள் கொடுத்துவிடுவாள். ஒன்றை மட்டும் பைக்குள் போட்டுக்கொள்வாள், அவன் வீட்டில் போய் எண்ணிக் கடுப்பாகட்டும் என்று.

இலையெல்லாம் கொட்டி முடிந்த சமயத்தில் டெல்பர்ட் தன் துப்பாக்கிகளை அவளிடம் விற்க ஆரம்பித்தான். கண் மங்குகிறது, குறி தெரியவில்லை என்றான். முதலில் ஒரு கைத்துப்பாக்கி. பிறகு இரட்டைக்குழல் ஒன்று. இரண்டும் அடிமாட்டு விலை. மர்வினிடம் காட்டியபோது, "திருடிட்டு வந்தியா?" என்று கேட்டான். ரோண்டாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். அவள் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அவன் ரைஃபிளைக் கொண்டுவந்தான். வால்நட் மரப்பிடி போட்டது, தொழிற்சாலையில் முதல்முதல் ஓவர்டைம் பார்த்த சம்பளத்தில் வாங்கியது. வேறு யார் கையும் அதன்மேல் பட அவன் விட்டதில்லை. ஒரு சுற்றுச் சுட்டான், நிதானமாக. பிறகு அதை அவள் மேஜையில் வைத்தான்.

"உனக்குத்தான். என்ன தருவே?"

ரோண்டா வழக்கம்போல் நியாயமான விலையில் பாதியைச் சொன்னாள். திட்டு விழும், கொஞ்சம் ஏறலாம் என்று கணக்கு.

"சரி" என்றான் டெல்பர்ட்.

அவளுக்கு ஒரு நொடி சப்பென்று ஆனது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அப்படியே உன் வீட்டுல கெடக்குற அந்தப் பழைய ரிவால்வரையும் குடுத்துட்டா என் அஞ்சு முடிஞ்சிடும்."

"அது இருக்கட்டும்."

"துருப்பிடிச்ச கழுதை. அத வச்சு என்ன பண்ணப் போறே?"

"இருக்கட்டும்மா." கழுத்தில் தொங்கிய தன் காதுமூடியைக் கழற்றி ரைஃபிள் பெட்டிமேல் வைத்தான். நல்ல மெத்தை வைத்தது. "இதையும் எடுத்துக்கோ. உன்னோடது ஒட்டுப்போட்ட பானை மாதிரி இருக்கு, பாக்கவே சகிக்கல."

"உனக்கு?"

"எனக்கு வேறென்ன வேலை, நீ கத்துறதக் கேக்கறதத் தவிர? போய்ட்டு வரேன்."

போய்விட்டான். அவன் மேஜையடியில் பித்தளைக் குப்பிகள் அப்படியே கிடந்தன, ஒன்றைக்கூட அவன் எடுக்கவில்லை. ரோண்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். விளக்குமாறால் எல்லாவற்றையும் தள்ளி, தன் பையில் கொட்டிக்கொண்டாள். சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கூவி, எல்லாரும் தங்கள் குறித்தாளை எடுக்க முன்னால் போனபோது அவன் சுட்ட தாளையும் உருவிக்கொண்டாள். பின்பக்கம் வெள்ளைதானே, ஒரு தாள் மிச்சம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் பன்றிக்குட்டி மாதிரி வீங்கியிருந்தது. வெந்நீரில் காலைப் போட்டுக்கொண்டு, புது ரைஃபிளை எதிரில் சாய்த்துவைத்து ரசித்தாள். பிறகு அந்தத் தாளை எடுத்து மடியில் விரித்தாள்.

குண்டு பட்ட ஓட்டைகள் எல்லாம் நடுவில், ஒரு காசால் மூடிவிடலாம் போல ஒன்றாய்க் கிடந்தன. கண் மங்கியவன் சுட்ட தாளா இது? அவள் வாழ்நாளில் இப்படிச் சுட்டதில்லை.

பொய் சொல்லியிருக்கிறான். எதற்கு? காசு முடை என்றால் பேரம் பேசியிருப்பான். ஒற்றைக் குப்பிக்கு மல்லுக்கு நிற்கிறவன் இன்று ஒரு குத்துக் குப்பியை விட்டுவிட்டுப் போனான். மறுபடி அடைக்கப் போவதில்லை என்றால் எதற்குப் பொறுக்க வேண்டும், அதுவும் சரி. விட்டுவிட்டான், ஓய்ந்துவிட்டான். அப்படியானால் ரிவால்வர் எதற்கு?

அவள் பார்வை காதுமூடியில் போய் நின்றது. துப்பாக்கியை விற்றுவிட்டுக் காதுமூடியைக் கொடுத்தால் சரி. ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு காதுமூடியைக் கொடுக்கிறவன், அதை எதற்கு வைத்திருக்கிறான்? காது கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று எப்போது ஒருத்தன் நினைப்பான்?



அவன் வீட்டுக்குப் போகவேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைப்பானேன். உடம்பில் ஒவ்வொரு எலும்பும் படு என்றது. நீயாக எதையாவது கற்பனை செய்யாதே, அடுத்த சனிக்கிழமை கேட்டுக்கொள் என்றது. ஆனால் இல்லத்தில் அவள் பார்த்திருக்கிறாள். போதும் என்று முடிவெடுத்தவர்கள் அழமாட்டார்கள், ரேடியோவையும் போர்வையையும் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டு நல்லபிள்ளையாக இருப்பார்கள். அதெல்லாம் தெரிந்தும், கொடுக்கக் கொடுக்க வாங்கிக் காரில் அடுக்கினாளே, அந்த ஆத்திரம்தான் அவளை எழுப்பியது. இரண்டு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை. ஈரக்காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் எல்லாச் சிக்னலும் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வசவு.

டெல்பர்ட் கதவைத் திறந்தான். அவனை உயிரோடு பார்த்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"போன எடுத்தா என்ன, கை ஒடிஞ்சா போச்சு?"

"என்ன, ரைஃபிள்ல குறை சொல்ல வந்தியா? திரும்ப எடுக்க மாட்டேன்."

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வீடு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒற்றைத் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ரிவால்வர் வேணும்."

"அது விக்கிறதுக்கு இல்லன்னேன்ல."

"நீ கேக்குற விலை தரேன்."

டெல்பர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வாக்கியம் அது. "உடம்புக்கு ஏதாவதா ரோண்டா?"

"காதுமூடிய எங்கிட்ட குடுத்துட்டே. துப்பாக்கிய வச்சுக்கிட்டே. நான் படிக்காதவ, ஆனா முட்டாள் இல்ல. டெல்பர்ட், நீ சாகப் போறியா?"

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மேஜை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவி நீவி விட்டான்.

"களைச்சுப் போச்சும்மா" என்றான். "வேற பெருசா ஒண்ணும் இல்ல. காலைல முழிப்பு வந்தா, அடச்சீ, மறுபடியுமான்னு இருக்கு. எத்தன நாளைக்கு?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"அப்ப உனக்குப் புரியும்."

"களைப்பு புரியும். மத்தது புரியல." அவன் நாற்காலி முன்னால் போய் நின்றாள். "நல்ல வார்த்தையெல்லாம் எனக்குச் சொல்ல வராது. நீ போய்ட்டா அந்த மேஜைக்கு எவனாவது பளபளன்னு புதுத் துப்பாக்கியோட வருவான். அவன் குப்பி பொறுக்க மாட்டான். நான் யார்கூடச் சண்ட போடுறது? எங்க இருக்கு சொல்லு. நீ எந்திரிக்காதே, நானே எடுத்துக்கறேன்."

விரிப்பை நீவுவதை அவன் நிறுத்தவில்லை. அவள் நின்றாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்தால் தோற்றுவிடுவோம் என்று நின்றாள்.

"படுக்கையறை. மேல் இழுப்பறை" என்றான் கடைசியில்.

ரிவால்வரை எடுத்தாள். சுடுதளத்தில் சொல்லிக்கொடுத்தபடி குழலைத் தரைப்பக்கம் பிடித்து, திறந்து பார்த்து, இருந்ததை வெளியே கொட்டினாள். காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை உள்ளாடைக்குள் செருகிக்கொண்டாள். அங்கே கை வைக்கிற தைரியம் இந்த ஊரில் எவனுக்கும் இல்லை. திரும்பி வந்து, அவன் தங்கை லோரீனின் எண்ணை அவனையே போட வைத்தாள். லோரீன் மூன்று மணிநேரத் தூரத்தில் இருந்தாள். முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு இரவிலேயே கிளம்பி விடிகிற நேரத்துக்கு வந்துவிடுவதாகவும் திங்கட்கிழமை தானே டாக்டரிடம் கூட்டிப்போவதாகவும் சொன்னாள்.

"அதுவரைக்கும் நான் இங்கதான்" என்று ரோண்டா சோபாவில் உட்கார்ந்தாள். "நீ என் கண் முன்னாடியே இரு."

"காவலா?"

"ஆமா."

தொலைக்காட்சியில் ஏதோ ஆட்டம் ஓடியது. ரோண்டா கண்ணை அகல விரித்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது.

திடுக்கிட்டு எழுந்தபோது விடியத் தொடங்கியிருந்தது. மேலே ஒரு கம்பளி. எதிர் நாற்காலி காலி. கை தானாக உள்ளே போய்ச் சாவியைத் தேடியது; இருந்தது. பிறகுதான் முட்டை வாசனை வந்தது.

டெல்பர்ட் அடுப்பெதிரில் நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. "நல்ல காவக்காரி. ஊருக்கே கேக்குற குறட்டை."

"என்ன எழுப்பித் தொலைச்சிருக்கலாம்ல!"

"எழுப்பத்தானே முழிச்சிருந்தேன். ஏழு மணிக்கு வேலைன்னு தூக்கத்துல பொலம்பினே. நான் பாட்டுக்கு இல்லாமப் போய்ட்டா, உன்ன யாரு எழுப்புவா?"

ரோண்டா தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். முட்டை கருகியிருந்தது. இந்த ஒரு முட்டையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிற வயதா அவளுக்கு? இன்று ஒன்று, நாளைக்கு ஒன்று என்று எத்தனையோ காலை இருக்கிறது. அவன் முகத்தில் அந்தக் களைப்பு அப்படியே இருந்தது.

"உன் துப்பாக்கி எல்லாமே மர்வின் கடை இரும்பு அலமாரியில இருக்கட்டும்" என்றாள். "அவன் ஏன்னு கேக்க மாட்டான். இப்படிக் கொஞ்ச நாளைக்கு வச்சிட்டுப் போறவங்க நிறைய பேர். சனிக்கிழமை எதுலயாவது சுடணும்னா என்னோட பாயின்ட் டூ டூவ வாங்கிக்கோ, நான் பக்கத்துலயே நிக்கிறேன். ரைஃபிள வித்ததும் செல்லாது. அந்த விலை விலையே இல்ல."

"ம்" என்றான் அவன். வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். வாசலில் லோரீனின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரோண்டா எழுந்து கோட்டை மாட்டினாள்.

"ரோண்டா."

"என்ன?"

"நேத்து நான் சுட்ட குப்பி. கீழ கிடந்துச்சே, அதெல்லாம் என்னாச்சு?"

"எங்கிட்ட இருக்கு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"கொண்டாந்து குடு" என்றான் டெல்பர்ட், திரும்பாமல். "என்னோடது அது."

அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் நான் வச்சுக்குவேன்" என்றாள்.

"அதெல்லாம் கிடையாது. எண்ணி வாங்குவேன்."